சினையும் பாடும்

வீராம்பட்டினத்தில் குடியிருந்துகொண்டு ஆங்கிலத்திலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் மொழிபெயர்த்துப் பிழைக்கிற எனக்கு, 'வளம்' என்ற சொல்மேல் எப்போதும் ஒரு கண். ஃபெர்டிலிட்டியா, வளம். ஃபீகண்டிட்டியா, வளம். அபண்டன்ஸா, அதுவும் வளம்தான். மண்ணைப் பற்றிய கட்டுரையென்றால் பெரிய பாதகமில்லை. மீனையும் மனிதரையும் எண்ணுகிற இடத்தில் இந்தச் சௌகரியம் செல்லாது.

மீனியலில் ஃபீகண்டிட்டி என்பது முட்டையிடும் முன் பெண் மீனின் சினைப்பையில் உள்ள முட்டைகளின் எண்ணிக்கை. எங்கள் ஊரில் மீன் ஆய்கிற பெண்கள் வயிற்றைக் கீறியதும், இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கும் சினையை உடையாமல் வழித்துத் தனியே வைப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அதே பையை நிறுத்து, ஒரு துணுக்கில் உள்ள முட்டைகளை எண்ணி, முழு எடைக்கும் பெருக்கிவிடுகிறார்கள். அபண்டன்ஸ் வேறு. கடலில் அந்த மீன் எவ்வளவு இருக்கிறது என்பது அது. நேரே எண்ண வழியில்லாததால், எத்தனை படகு எவ்வளவு நேரம் வலை போட்டு என்ன பாடு, அதாவது எவ்வளவு மீன், கிடைத்தது என்பதை வைத்துக் கணிக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய்த் திரும்பும்போது, வந்த மீன் வயிறு முட்டச் சினையோடு இருக்கலாம், பாடு மட்டும் மோசமாக இருக்கலாம். அதைப் போய் 'மீனின் வளம் குறைந்தது' என்று எழுதினால், சினையைக் கையில் வைத்திருப்பவர் ஏற்பாரா?

'மிகுதி' என்று போட்டும் பார்க்கலாம். இரண்டாம் பக்கத்திலேயே 'குறைந்த மிகுதி' வந்து நிற்கும். லத்தீனில் அலை பொங்கி வழிவதைச் சொன்ன சொல்லிலிருந்து பிறந்ததுதான் அபண்டன்ஸ். அறிவியலார் கையில் பொங்கலெல்லாம் வடிந்து வெறும் அளவாகிவிட்டது. நான் 'கடலில் உள்ள மீன் அளவு' என்று நீட்டியே எழுதுகிறேன். நீளம் என்று புகார் வரும், வரட்டும்.

மனிதர் கணக்கில் குழப்பம் இன்னும் முற்றும், அதுவும் புதுச்சேரியில். ஆங்கில மக்கள்தொகையியலில் ஃபெர்டிலிட்டி என்பது பிறந்த பிள்ளைகளின் கணக்கு. ஃபீகண்டிட்டி, பெறும் திறன். பிரெஞ்சில் அப்படியே தலைகீழ்: ஃபெகோந்தித்தே பிறந்த கணக்கு, ஃபெர்த்திலித்தே திறன். ஒரே லத்தீன் வீட்டுப் பெண்கள் புகுந்த வீட்டில் பெயரை மாற்றிக்கொண்ட மாதிரி. தென்னிந்தியாவில் பிள்ளைப்பேறு குறைந்துவந்ததை மக்கள்தொகையியலாளர் கிறிஸ்தோஃப் கில்மோட்டோ புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்து ஆராய்ந்தார். இருதய ராஜனோடு அவர் தொகுத்த ஆங்கில நூல் 2005இல் வந்தது. இப்படி இரண்டு மொழியிலும் எழுதப்படும் துறையில், ஆசிரியர் எந்த மொழியில் எழுதினார் என்று பார்க்காமல் பேனாவை எடுக்கக் கூடாது.

தமிழிலும் சிக்கல்தான். நம் நாளிதழ்கள் 'கருவுறுதல் விகிதம்' என்கின்றன. கருவுற்றதை யாரும் எண்ணவில்லை, பிறந்ததைத்தான் எண்ணினார்கள். இலங்கையில் 'கருவளம்' என்கிறார்கள். அது திறன் பக்கம் சாய்கிறது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் புதுச்சேரிக்கு 1.5 என்று வந்ததை 'கருவளம் குறைவு' என்று எழுதினால், இங்குள்ள பெண்களுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று படும். ஒன்றிரண்டு போதும் என்று அவர்கள் முடிவெடுத்தது அந்தச் சொல்லில் காணாமல் போகிறது. 'ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள்' என்று எழுதினால் வம்பில்லை.

பிளென்டி, கிளட் இரண்டும் எளிது. நெத்திலி குவிந்த காலையில் வாங்க வருகிறவர் "நெறையக் கெடக்குதே" என்பார். ஏலம் விடுகிறவர் "வெலையே போவல" என்பார். முன்னது பிளென்டி, பின்னது கிளட்.

புரோலிஃபிக் ரைட்டர் என்பதற்குத்தான் இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. 'எழுதிக் குவித்தவர்' என்றால், குவியலில் தேறுவது எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. இரங்கல் குறிப்புகளில் 'நிறைய எழுதினார்' என்று போட்டுவிட்டு, நூற்பட்டியலைக் கீழே கொடுத்துவிடுகிறேன்.