செவிலியின் செவி

பெற்ற தாய்க்கு அடுத்த நிலையில் நின்று தலைவியை வளர்ப்பவளைச் சங்க இலக்கியம் செவிலி என்று குறிக்கிறது. தலைவியின் முகவாட்டம் கண்டு, அவள் சொல்லாத நோவையும் உணர முற்படுபவள் அவள். இந்நாளில் நோயாளரைப் பேணும் மகளிர்க்கும் அப்பெயரே வழங்குவது மிகப் பொருத்தமன்றோ!

தில்லியில் மத்திய அரசு எழுத்தராய்க் காலந்தள்ளும் நமக்குச் செவிலியர் அறிமுகமாவது டிஸ்பென்சரியில்தான். அரசு ஊழியர்க்கான மருத்துவத் திட்டம் 1954-இல் இந்நகரில் தொடங்கிற்று. இன்று பெயர்ப்பலகையில் நலவாழ்வு மையம் என்று எழுதியிருப்பினும், நம் இல்லங்களில் அது டிஸ்பென்சரியே. வரிசையில் நிற்கும் நம் கண்ணுக்கு அங்குள்ள செவிலி ஊசி போடுபவர், கட்டு மாற்றுபவர், அவ்வளவே. சற்றே உற்று நோக்கினால்தான் அப்பணியின் விரிவு புலப்படும்.

விரைந்து வந்தவரின் இரத்த அழுத்தத்தை அவர் உடனே பார்ப்பதில்லை. ஐந்து நிமிடம் அமர வைத்து, கையை நெஞ்சின் உயரத்தில் தாங்கச் செய்த பின்னரே பார்க்கிறார். தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் காக்கிறார். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடாமல், துளைபடாத வெள்ளைக் கலத்தில் சேர்க்கிறார். இவையெல்லாம் கல்லூரி தரும் பயிற்சி. செவிலியர் பட்டப்படிப்பு நம் நாட்டில் 1946-இல் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கப்பெற்றது. ஆயினும், வரிசையில் நிற்போரின் முகத்தைப் படிக்கும் கலை, நாள்தோறும் அவ்வரிசையைக் கண்டு கண்டு கைவருவது.

சில ஆண்டுகளுக்கு முன், ஊரிலிருந்து வந்திருந்த எம் தந்தையார் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு வரிசையில் அமர்ந்திருந்தார். திடீரென வியர்த்தது, கை நடுங்கிற்று. "படபடன்னு வருது" என்றார். பக்கத்திலிருந்தோர் கூட்டத்தைக் கண்ட அச்சம் என எண்ணி, இந்தியில் ஆறுதல் கூறினர். ஊசி அறையிலிருந்து எட்டிப் பார்த்த கேரளத்துச் செவிலிக்கு அச்சொல் விளங்கிற்று. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்தார். சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கியிருந்தது. 15 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துப் பருகச் செய்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்தார். மருத்துவரின் முறை வருமுன்னரே தந்தையார் தெளிந்து, அவருடைய ஊர் எது என்று வினவத் தொடங்கிவிட்டார்.

அன்று உயிர்காத்தது குளுக்கோஸ் மட்டுமன்று. ஒரு சொல் புரிந்ததும் ஆகும். புலம்பெயர்ந்து வாழும் நாம் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் வேண்டிய இந்தியைக் கற்றுக்கொண்டோம். நம் பெற்றோரோ தமிழில்தான் நோகின்றனர். கிறுகிறுப்பு வேறு, மயக்கம் வேறு. குடைச்சல் வேறு, குத்தல் வேறு. இவ்வேறுபாட்டை அறியாத செவிலி எத்துணைத் திறமுடையவராயினும் பாதி செவியோடுதான் பணிசெய்ய இயலும்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நோவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் ஐம்பதைத் தேர்ந்து, அவற்றின் பொருளை இந்தியில் விளக்கி ஒரு தாளில் அச்சிடுவோம். தமிழறிந்த செவிலியர் சிலரைக் கொண்டே அதனைச் சரிபார்ப்போம். உட்கொள்ளும் மருந்துகளை எழுத அதன் பின்புறம் இடம் விடுவோம். தனியே டிஸ்பென்சரிக்குச் செல்லும் நம் முதியோர் ஒவ்வொருவர் கையிலும் அது இருத்தல் வேண்டும்.