தோய்ச்சலுக்குப் பின் வரும் இளஞ்சூடு



நாம் வாழும் எசன், எஃகினால் வளர்ந்த நகரம். 1811ஆம் ஆண்டில் ஃபிரீட்ரிக் குருப் இங்கேதான் தமது வார்ப்பெஃகுத் தொழிலைத் தொடங்கினார். "துன்பம் மனிதனை எஃகாக்கும்" என்று நம்மவர் அடிக்கடி சொல்வதுண்டு. அந்த எஃகு எவ்வாறு பக்குவமடைகிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஊரில் கொல்லர் கத்திக்குத் தோய்ச்சல் போடுவதை உங்களில் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் செந்தணலாய்க் காய்ந்த எஃகில், கரிமம் இரும்பணுக்களிடையே கரைந்து பரவியிருக்கும். மெல்ல ஆறவிட்டால் அது பிரிந்து தனியே படியும், எஃகு மென்மையாகும். சட்டென நீரில் அமிழ்த்தினாலோ, பிரிய நேரமின்றி உள்ளேயே சிறைப்படும். அந்த இறுக்கமே கடினம்.

ஆயினும், தோய்த்த நிலையில் விட்ட எஃகு கண்ணாடியைப் போன்றது; அடிபட்டால் தெறித்துவிடும். ஆகவே தேர்ந்த கொல்லர் அதனை மீண்டும் இளஞ்சூட்டில் காட்டுவார். 200 பாகையைத் தாண்டியதும் துலக்கிய பரப்பில் வைக்கோல் மஞ்சள் படரும். 300ஐ நெருங்குகையில் நீலம் தோன்றும். நிறம் பார்த்தே நிறுத்துவார். கடினம் சிறிது குறையும்; முறியாத உறுதி பிறக்கும்.

மற்றொன்றையும் கேளுங்கள். 1912இல் குருப் நிறுவனம் காப்புரிமை கோரிய துருப்பிடியா எஃகில் குரோமியமும் நிக்கலும் மிகுதி. அதனை 1000 பாகைக்கு மேல் காய்ச்சி நீரில் அமிழ்த்தினால் அது இறுகுவதில்லை, இளகுகிறது. நீர் ஒன்றே, உலோகம் வேறு.

போரும் அகதி வாழ்வும் உங்களுள் பலரை ஒரே நாளில் குளிர்நீரில் அமிழ்த்தின. அன்று இறுகியதால்தான் குடும்பங்களைக் காத்தீர்கள். அந்தக் கடினம் குற்றமன்று. ஆனால் அதுவே நிறைவுமன்று. பிள்ளைகள் தம் வருத்தத்தைச் சொல்ல வரும்போது, "நாங்கள் பட்டதை விடவா?" என்று கேட்டு அவர்களையும் அந்நீரில் தள்ளாதீர்கள். அவர்கள் வேறு உலோகமாக இருக்கலாம். மேலும், நீங்களே இன்னும் இளஞ்சூடு காணாதவர்களாக இருக்கலாம்.

துன்பத்தை இறைவன் அனுப்பினார் என்று நான் கூறமாட்டேன். பின்னர் வரும் இளஞ்சூட்டிலேயே அவரது கையைக் காண்கிறேன். எம்மாவு வழியில், நம்பிக்கை முறிந்த சீடர் இருவரோடு உயிர்த்த ஆண்டவர் நடந்தார். முதலில் அவர்களைப் பேசவிட்டுக் கேட்டார். அவர்கள் உள்ளம் வழிநெடுக மெல்ல மெல்லச் சூடேறியது.

இவ்வாரம் ஒரு மாலை, கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் மகனையோ மகளையோ பேசவிடுங்கள். திருத்தாமல், ஒப்பிடாமல் கேளுங்கள். கொல்லரைப் போல முகத்தின் நிறத்தைக் கவனியுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை, எசன்