கிடைக்கவில்லை என்று ஒரு சான்று

கார் திருடுபோன வீட்டுக்கு ஆட்கள் வருவதும் துட்டி கேட்க வருவதும் ஏறக்குறைய ஒன்றுதான். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள், காபி வேண்டாம் என்கிறார்கள், கொடுத்தால் குடிக்கிறார்கள், கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் துட்டி வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வியை எங்கள் வீட்டில் அநேகமாக எல்லோரும் கேட்டார்கள். "அண்ணாச்சி, நல்லா பூட்டித்தான போட்டிருந்திய?"

பூட்டித்தான் போட்டிருந்தேன். தூத்துக்குடி பிரையண்ட் நகரில் எங்கள் வீட்டுக்குள் கார் நுழையாது. தெருவிளக்குக்குக் கீழே, சுவரை ஒட்டி நிறுத்துவோம். எடுத்து ஆறு மாதம் ஆகவில்லை; சீட்டின் மேல் ஷோரூம்காரர்கள் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட என் மனைவி முழுதாகக் கழற்றவில்லை. எதிர்வீட்டு கேமராவில் தலையில் துண்டு கட்டிய ஒருவன் வருகிறான், குனிகிறான், உள்ளே உட்காருகிறான். கொஞ்ச நேரத்தில் விளக்கு எரியாமல் வண்டி நகர்ந்து போகிறது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் கத்தவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக்குகள் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் இடத்தில் ஒரு கருவியைச் செருகி, புதிதாக ஒரு சாவியையே வண்டிக்குப் பழக்கிவிட முடியும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பூட்டு எவ்வளவு நல்லது என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை. இருந்தும் வந்தவர்கள் அதைத்தான் கேட்டார்கள். தங்கள் வண்டி பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போக அவர்களுக்கு அந்தக் கேள்வி தேவைப்பட்டது.

முதல் நாள் முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தேன். எங்கள் ஊரை விட்டு மேற்கே போனால் வாகைகுளம் டோல்கேட், மதுரைப் பக்கம் போனால் புதூர் பாண்டியாபுரம் டோல்கேட். இரண்டில் எதைத் தாண்டினாலும் பாஸ்டேக்கில் பணம் பிடித்த குறுஞ்செய்தி வந்துவிடும். வரவில்லை. ஸ்டிக்கரைக் கிழித்தெறிய எத்தனை நேரம் ஆகும்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் தருவைகுளம், வேம்பார் என்று ராமநாதபுரம் பக்கம் போயிருக்கலாம். திருச்செந்தூர் பக்கம் போயிருக்கலாம். எட்டயபுரம் ரோட்டில் ஏறியிருக்கலாம்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் துறைமுகத்தைக் காட்டினார்கள். "கண்டெய்னர்ல ஏத்தி அனுப்பிருப்பானுவ, நீங்க இங்க தேடிட்டு இருக்கிய." நான் முப்பது வருடத்துக்கு மேல் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தவன். வ.உ.சி. துறைமுகத்துக்குள் ஒரு பெட்டி போக ஷிப்பிங் பில் வேண்டும், கஸ்டம்ஸ் அனுமதி வேண்டும், சீல் வேண்டும், வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை நிற்கிறது. அதற்காக நடக்கவே நடக்காது என்று சொல்லிவிட முடியாது. டொராண்டோவில் இருக்கும் என் தங்கை மகன் அன்றிரவு பேசும்போது, அங்கே தமிழர்கள் நிறையப் பேர் வாசலில் நிறுத்திய காரை இப்படி இழந்திருக்கிறார்கள் என்றான். மாண்ட்ரியல் துறைமுகத்தில் பெட்டிகளைத் திறந்து பார்த்து 598 திருட்டு வண்டிகளை மீட்டதாக கனடா போலீஸ் 2024 ஏப்ரலில் அறிவித்தது. பெட்டியின் மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனை ஆயிரம் பெட்டிக்குக் காகிதம் தயார் செய்தேன் என்று நினைத்துப் பார்த்தபோது அந்த இரவு தூக்கம் போயிற்று.

ஸ்டேஷனில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். "ரெண்டு நாள் பாப்போம் சார், கெடச்சிட்டா உங்களுக்கும் கோர்ட்டு அலைச்சல் மிச்சம்" என்றார் அங்கிருந்தவர். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் இந்த இடத்தில்தான் பலர் பின்னால் சிக்கிக்கொள்கிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. திருட்டு போன்ற குற்றத்துக்குப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. நான் சண்டை போடவில்லை, எழுந்தும் போகவில்லை. சாயங்காலம் எஃப்.ஐ.ஆர். ஆனது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே போன் செய்து, மெயிலும் அனுப்பிவிட்டோம். அங்கே தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காகத் திருட்டு க்ளைமை மறுத்த காலம் உண்டு. போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தெரிவிக்கத் தாமதமானதை மட்டும் வைத்து மறுக்கக்கூடாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் 2020 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பு இருக்கிறது என்பதற்காக நாமே தாமதம் செய்து அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஐந்தாம் தேதி வந்தது. வண்டி இல்லை, டியூ மட்டும் போனது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ கார்கள் முங்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கு மேல் பெய்த மழை அது. அப்போது க்ளைம் போட்டவர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். ஆனால் அவர்களிடம் காட்டுவதற்குச் சேறு படிந்த ஒரு வண்டி இருந்தது. சர்வேயர் வந்தார், கதவைத் திறந்தார், எழுதிக்கொண்டார். திருட்டில் காட்ட ஒன்றுமே இல்லை. காட்ட முடியாததால் மனிதர்களைத்தான் சோதிக்கிறார்கள்.

கம்பெனி அனுப்பிய விசாரணை ஆள் ஒரு மதியம் முழுக்க எங்கள் வீட்டில் இருந்தார். சாவி இரண்டும் இருக்கிறதா என்றார். ஒன்று என்னிடம், இன்னொன்று பீரோவில். இரண்டையும் மேசையில் வைத்தோம். ஒரு சாவி குறைந்தாலும் க்ளைம் தடுமாறும் என்று தெரிந்ததும் எனக்குள் நடுக்கம் வந்தது. பிறகு கேள்விகள். வண்டியை யார் யார் ஓட்டுவார்கள்? யாருக்காவது விற்கப் பேசினீர்களா? பையனுக்குக் கடன் இருக்கிறதா? அடுப்படியில் இருந்த என் மனைவி அந்தக் கடைசிக் கேள்விக்கு வெளியே வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர் போன பிறகு, "களவு கொடுத்தவன் வீட்ல வந்து களவாணியத் தேடுறாங்க" என்றாள். அவர் அவருடைய வேலையைத்தான் செய்தார், பொய்க் க்ளைம் போடுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வண்டி போனதைவிட அந்த மதியம்தான் எங்கள் வீட்டில் அதிகம் வலித்தது. சொல்வதை நம்பும் ஒருவர், அந்த நேரத்தில் பறிகொடுத்தவனுக்குப் பணத்தைவிடப் பெரிது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மாதங்கள் போயின. வண்டி கிடைக்கவில்லை. கிடைக்காதது மட்டும் போதாது, கிடைக்கவில்லை என்று போலீஸ் எழுதித் தரவேண்டும். அந்தச் சான்று வேண்டும், கண்டுபிடிக்க இயலாத வழக்கு என்று நீதிமன்றத்தில் தாக்கலாகும் இறுதி அறிக்கையின் சான்றிட்ட நகல் வேண்டும். அதுவரை கம்பெனி பணம் தராது. முதல் வாரங்களில் எந்த ஸ்டேஷன் வாசலில் "எங்கயாவது துப்பு கெடச்சுதா சார்" என்று நின்றேனோ, அதே வாசலில் "கெடைக்கலன்னு எழுதிக் குடுங்க சார்" என்று நின்றேன். மனம் எப்போது புரண்டது என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் கோவில்பட்டிப் பக்கம் நம்பர் இல்லாத ஒரு வண்டி நிற்பதாகச் சொன்னார்கள். அது நம்முடையதாக இருக்குமோ என்று மனம் பதறியது. அதற்குள், உடைத்து நாசமாக்கிய நிலையில் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்றும் பதறியது. அது வேறு யாருடையதோ. எனக்கு வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கடற்கரைக்கு இப்படிக் காத்திருப்பது புதிதல்ல. கப்பல் வேலையில் இருந்ததால் எனக்கு 1963-ஆம் ஆண்டின் கடல்சார் இன்சூரன்ஸ் சட்டம் பழக்கம். கிளம்பிய கப்பலைப் பற்றி நியாயமான காலம் வரை ஒரு தகவலும் வரவில்லை என்றால், அது முழுதாகப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தச் சட்டம். எத்தனை நாள் என்று அது நாள் குறிக்கவில்லை. மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் தோணி விட்ட ஊருக்கு, எத்தனை நாளில் நம்பிக்கையை விடுவது என்ற கேள்வி தாத்தன் காலத்திலிருந்து வருவது.

மனிதர்களுக்கு அந்தக் காலம் ஏழு ஆண்டு. ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டம். 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி புயலில் கன்னியாகுமரிக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டு காத்திரு என்று அந்தப் பெண்களிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் அரசு அந்த விதியைத் தளர்த்தி, காணாமல்போனவர் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அதை வாங்கவும் அவர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என் காரை அந்த இழப்புக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். அது தகரம். ஆனால் ஸ்டேஷன் வாசலில் நின்றபோது, அந்தக் கையெழுத்து எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று முதன்முறையாக எனக்கு உறைத்தது. அதற்கு முன் அந்தச் செய்தியை நான் செய்தியாக மட்டும்தான் படித்திருந்தேன்.

சான்று வந்தது. பிறகு முத்திரைத்தாள், நோட்டரி, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தகவல் கடிதம், பைனான்ஸில் என்.ஓ.சி., கடன் பதிவை (எச்.பி.) கேன்சல் செய்ய படிவம் 35, உரிமை மாற்ற படிவம் 29, 30. இல்லாத வண்டியை, இன்னொருவர் பெயருக்கு மாற்ற ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்து. நாளை அது எங்காவது கிடைத்தால் கம்பெனிக்குத்தான் சொந்தம். சாவி இரண்டையும் கொடுத்துவிட்டோம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஷோரூமில் யாரும் இதை உட்கார்த்திவைத்துச் சொல்வதில்லை. 9 லட்சம் ரூபாய் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டியானாலும் 5 சதவீதம் கழித்துத்தான் இன்சூரன்ஸ் மதிப்புப் போடுகிறார்கள், அதாவது 8,55,000. அதிலும் கட்டாயக் கழிவு என்று 1,000 போகும். நாம் கட்டிய சாலை வரி தமிழ்நாட்டில் அந்த விலைக்கு 13 சதவீதம், 1,17,000. அது திரும்பி வராது. இன்சூரன்ஸுக்குக் கட்டியது, மேற்கொண்டு மாட்டியவை எதுவும் வராது. பில் தொகையையே திருப்பித் தரும் கூடுதல் பாலிசி ஒன்று இருக்கிறது. முதல் ஆண்டு பிரீமியத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் கிடைக்கும். புது வண்டி எடுக்கிற எல்லோரிடமும் இதை அவர்கள் கேட்காமலேயே சொல்கிறேன். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டவருக்குத் திருட்டில் ஒரு ரூபாயும் இல்லை என்பதையும் சேர்த்து.

வந்த பணத்தில் கடன் பாக்கி போக மிச்சம் கையில் நின்றது கொஞ்சம். சிப்காட்டில் வியட்நாம்காரர்களின் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று, நம்ம ஊர்லயே கார் செய்றாங்கப்பா, அதையே எடுப்போம் என்கிறான் மகன். வாசலுக்குள் நிறுத்த இடம் செய்யாமல் எந்தக் காரும் வேண்டாம் என்கிறாள் அவன் அம்மா. அவள் சொல்வதுதான் எனக்கும் சரி. கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.

அதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. திரேஸ்புரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், சங்கு குளிக்கவும் மீனுக்கும் போகிறவர். கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்திலிருந்து அவருடைய எஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லை. வட்டிக்கு வாங்கிய பணம். என் வண்டி போனபோது துட்டி கேட்க வந்தவர்களில் அவரும் ஒருவர். பூட்டினீர்களா என்று கேட்காதவர் அவர் மட்டும்தான். அவர் கையில் இருப்பது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. "எழுதிக் குடுத்தாச்சுல்லா அண்ணாச்சி, கூப்புடுவாங்க" என்று அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கூப்பிடவில்லை. எஞ்சின் நம்பர் எழுதிய பில் அவர் வீட்டுப் பெட்டியில் கிடைத்துவிட்டது. மனுவை நான் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் இருவரும் ஸ்டேஷனுக்குப் போகிறோம், எஃப்.ஐ.ஆர். நகல் வாங்காமல் வருவதாக இல்லை.