பொறி தந்த பாடம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது முன்னோர் மொழி. அதன் பொருளை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. என் தந்தையாரின் கார்ப் பட்டறையில்.

அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சேலத்தில் சிறு பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற கோடை விடுமுறையில் பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. சமதரையில் ஒழுங்காக ஓடும். ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறினால் மட்டும் ‘மிஸ்’ அடித்துக் குலுங்கும்.

ஸ்கேனரை மாட்டினோம். ‘பி 0302’ என்று காட்டியது. படித்த மிடுக்கில், “இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. காயில் போய்விட்டது அப்பா” என்று தீர்ப்பு வழங்கினேன். அப்பா சற்றுத் தயங்கினார். பிறகு, “படிச்ச பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, புதுக் காயில் வாங்கப் பணம் எடுத்துக் கொடுத்தார். அடுத்த பருவத்துக் கல்லூரிக் கட்டணத்துக்கென அவர் சேர்த்து வைத்திருந்த பணம் அது.

புதுக் காயிலோடு மலையேறினோம். மூன்றாம் கொண்டை ஊசி வளைவிலேயே கார் குலுங்கியது. மீண்டும் அதே எண்! காயிலைக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். எனக்குப் பேச நா எழவில்லை.

அப்பா கடிந்துகொள்ளவில்லை. “மெஷின் இடத்தைத்தான் காட்டும் கண்ணு, காரணத்தை நாமதான் தேடணும்” என்றார். பழைய காயிலையே திரும்ப மாட்டினார். இரண்டாம் சிலிண்டரின் ப்ளக்கை மூன்றாவதிலும், மூன்றாவதன் ப்ளக்கை இரண்டாவதிலும் போட்டார். வேறெதையும் தொடவில்லை. ஸ்கேனரில் பழைய எண்ணை அழித்துவிட்டு மறுபடி மலையேறினோம். இப்போது ‘பி 0303’. குற்றம் ப்ளக்கோடு இடம் மாறிவிட்டது! ஃபில்லர் கேஜால் அளந்தார். 0.8 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்து 1.1 மி.மீ. ஆகியிருந்தது. நான்கு ப்ளக்குகளையும் மாற்றியதும், கார் 20 வளைவுகளையும் சளைக்காமல் ஏறியது.

அன்றிரவுதான் எனக்குப் பொறி தட்டியது. மலையேற்றத்தில் டர்போ கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது. எஞ்சினுக்குள் அழுத்தமும் ப்ளக்கின் இடைவெளியும் கூடக்கூட, பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். சமதரையில் போதுமாயிருந்த காயிலின் மின்னழுத்தம் மலையில் போதவில்லை. இது பாஷன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1889-இல் வெளியிட்ட விதி. நான் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்! விதி என் ஏட்டில் இருந்தது. பயன் அப்பாவின் கையில் இருந்தது.

காயிலுக்கு அப்பா கார்க்காரரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. “தப்பு நம்மளது” என்று முடித்துவிட்டார். கட்டணத்தை அம்மா சீட்டுப் பணத்திலிருந்து கட்டினார்.

நண்பர்களே! சோதனைக் கூடத்தில் ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள் நம் ஆசிரியப் பெருமக்கள். இனி அதை நான் மறக்க மாட்டேன். அந்தப் புதுக் காயில் இன்னும் பட்டறைச் சுவரில், என் கண்ணுக்கு நேரே தொங்குகிறது.