கம்பைக் கீழே வைக்காத கதாநாயகி

ஆவடியிலிருந்து வடக்கே போய், வேல்டெக் கல்லூரிகளைத் தாண்டினால் வெள்ளானூர். வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை வந்த பிறகு இந்தப் பக்கத்து நிலமெல்லாம் கல் நட்டு மனையாகிக்கொண்டிருக்கிறது. அப்படிப் பிரித்துப்போட்டு இன்னும் வீடு எழும்பாத ஓர் இடத்தில்தான் மாலை நேரச் சிலம்ப வகுப்பு நடக்கிறது. கருவேலஞ்செடிகளை வெட்டி, முள் பொறுக்கி, மண்ணைத் தட்டிச் சமன் செய்திருக்கிறார்கள். நான் போனபோது பெண் பிள்ளைகள் வரிசையாக நின்று சுவடு பழகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் அவளவள் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு. யாரும் இன்னும் அதைச் சுழற்றவில்லை. கால்கள் மட்டும் நகர்ந்தன.

"கால் வந்தாதான்க்கா கை வரும்" என்றார் கற்றுக்கொடுப்பவர். பிள்ளைகளுக்கு அவர் மாஸ்டர். சினிமாவில் சின்னச் சின்ன வேஷங்கள் செய்கிறார். கதாநாயகிகள் முதுகைக் காட்டிச் சண்டை போடும் காட்சிகளில் சில நேரம் அந்த முதுகு இவருடையது. பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பேசச் சம்மதித்தார். பெரிய நடிகைகளுக்கு டூப் போடுகிறவர்கள் அதைச் சொல்லிக்கொள்வது தொழிலில் மரியாதை இல்லையாம்.

கம்புச் சண்டைக்கும் காமிராச் சண்டைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். பதில் சொல்வதற்குப் பதில் மூத்த மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார். முதலில் போட்டி முறை. இருவரும் வட்டமிட்டார்கள். கம்புகள் இரண்டு தடவை உரசின. மூன்றாவது வீச்சில் மாஸ்டரின் கம்பு அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுவிட்டு மீண்டது. தொட்டது எனக்குச் சரியாகத் தெரியவே இல்லை.

அடுத்தது சினிமா முறை. என்னை ஓரிடத்தில் நிற்கச் சொல்லி, "நீங்கதான் காமிரா" என்றார். இந்த முறை வீச்சு அகலமாக, மெதுவாக வந்தது. கம்பு அந்தப் பெண்ணின் முகத்துக்கும் எனக்கும் நடுவே காற்றில் போனது. அவள் தலையைத் திருப்பி, தோளைக் குலுக்கி, மண்ணில் விழுந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கவாட்டில் நின்று பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் இடத்திலிருந்து பார்த்தால் இடைவெளி ஒரு முழத்துக்கு மேல்.

"போட்டியில உடம்புல பட்டாதான் பாயின்ட். ஷூட்டிங்ல பட்டுச்சுன்னா அடுத்த நாள் கூப்பிட மாட்டாங்க. அடிக்கிறவங்க பண்றது பாதி நடிப்புதான்க்கா. வாங்குறவங்கதான் அந்த அடிய உண்டாக்குறாங்க."

திரைச் சண்டையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நாம் கைதட்டுவது அடித்தவருக்கு.

பேச்சு தானாகவே 'இறுதிச்சுற்று' பக்கம் போனது. இந்தத் திடலில் அந்தப் படத்தைப் பார்க்காத பிள்ளை இல்லை. 2016 ஜனவரியில் வந்தது. சுதா கொங்கரா இயக்கினார், பயிற்சியாளராக மாதவன், மீன் விற்கும் மதியாக ரித்திகா சிங். நடிகையைத் தேர்ந்து குத்துச்சண்டை பழக்குவதற்குப் பதில், சண்டை தெரிந்த பெண்ணைத் தேடிப் பிடித்து நடிக்க வைத்த படம் அது. ரித்திகா சிறு வயதிலேயே அப்பாவிடம் கராத்தேயும் கிக் பாக்சிங்கும் கற்றவர். 2009 ஆசிய உள்ளரங்க விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடியவர். சூப்பர் ஃபைட் லீக் மேடையில் மோதியவர். அந்த ஒரே படத்துக்கு 63ஆவது தேசிய விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

மாஸ்டர் அந்தப் படத்தைப் பார்க்கும் விதமே வேறு. "காலால உதைச்சுப் பழகின உடம்பு அது. பாக்சிங்ல கால் தூக்கக்கூடாது. அப்ப அவங்க மறந்துதான் நடிக்கணும். கத்துக்குறத விட மறக்குறது கஷ்டம்க்கா." ஷூட்டிங்கில் இவருக்கு நேர்வதும் அதுதான். சிலம்பத்தில் எதிராளியின் அசைவை முன்கூட்டியே படித்துவிடக் கற்றிருக்கிறார். நடிக்கும்போது படிக்காதவர்போல் நிற்க வேண்டும். வரும் அடி தெரிந்தும் கண்ணில் அது தெரியக்கூடாது. முதல் தடவை கண் முந்திக்கொண்டு போய், டேக் மேல் டேக் வாங்கினாராம்.

சண்டை போடும் பெண்ணைத் தமிழ்த்திரை புதிதாய்ப் பார்க்கவில்லை. பம்பாயில் நாடியா 1935இல் 'ஹன்டர்வாலி'யாகச் சாட்டை எடுத்தார். இங்கே 1937இல் கே.டி. ருக்மணி 'மின்னல்கொடி'யில் கொள்ளைக்காரியாக வந்தார். தெலுங்கில் 1990இல் 'கர்த்தவ்யம்' செய்து தேசிய விருது வாங்கிய விஜயசாந்தியை, நாம் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' என்ற பெயரில் கொண்டாடினோம். ஆவடியைச் சுற்றிப் பட்டாலியன்களும் மத்தியப் படைகளின் முகாம்களும் இருப்பதால், சீருடை போட்ட பெண் இங்கே கனவுக்குள் மட்டும் இருப்பவள் இல்லை. 'இறுதிச்சுற்று'வில் மதியின் அக்கா குத்துச்சண்டையை நம்பிப் போலீஸ் வேலைக்கு ஏங்குவாள். அந்த ஏக்கம் இந்தத் திடலிலும் உண்டு. தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் இப்போது சிலம்பமும் சேர்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இதையெல்லாம் பிள்ளைகளே ஒப்பிக்கிறார்கள்.

காதலைப் பற்றி நான்தான் எடுத்தேன். தயங்குவார் என்று நினைத்தேன். கம்பை மடியில் கிடத்திக்கொண்டு, திட்டமாகப் பேசினார்.

"படத்துல ஒரு பொண்ணு கம்பு எடுத்து சுத்துறான்னா, அடுத்த ரீல்ல அவ யாரையோ லவ் பண்ணப் போறான்னு அர்த்தம். லவ் பண்ணிட்டா கம்பு காணாமப் போயிடும். ஹீரோ வந்துதான் அவளக் காப்பாத்துவாரு."

எனக்கு 'சீமராஜா' ஞாபகம் வந்தது. 2018இல் வந்த அந்தப் படத்துக்காகச் சமந்தா முறையாகச் சிலம்பம் பழகினார். படத்தில் அவர் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் சுதந்திரச்செல்வி. கம்பு பிடித்திருக்கும் கையில் உழைப்பு தெரியும். ஆனால் அந்த உழைப்பு அவர் அறிமுகமாகும் அழகுக்கும் நாயகன் மயங்குவதற்கும் பயன்பட்டதே தவிர, கதையின் முடிச்சை அவர் கம்பு அவிழ்க்கவில்லை. ஒரு நடிகை வியர்வை சிந்திக் கற்றதைக் கதை இப்படி வீணடிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'இறுதிச்சுற்று'வில் மதியும் காதலிக்கிறாள், அதுவும் தன்னைவிட எவ்வளவோ மூத்த பயிற்சியாளரை. அந்த வயது வித்தியாசம் எனக்கு இன்றும் நெருடுகிறது. என்றாலும் காதலைச் சொன்ன பிறகும் அவள் வளையத்துக்குள் ஏறுகிறாள். அவர் மறுத்த பிறகும் ஏறுகிறாள். கடைசிக் குத்து அவளுடையது. அதற்காகவே அந்தப் படத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மாஸ்டரின் சொந்தக் கதையில் காதலனும் ஒரே ஆசானிடம் கம்பு பிடித்தவர். "என்னை ஜெயிக்க விட்டதே இல்ல. அதனாலதான் பிடிச்சுது" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வேலைக்குப் போய்க் கம்பை விட்டுவிட்டார், இவர் விடவில்லை. வீட்டில் சண்டை வந்தால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, "அங்க மட்டும் நடிக்க மாட்டேன்" என்றார்.

அவரை உண்மையில் அரிப்பது வேறு. பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதில் ஆசையாக வருகிறார்கள். அடவும் அலங்கார வீச்சும் கைகூடி, மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் நேரத்தில் நின்றுவிடுகிறார்கள். பெரியவளாகிவிட்டாள் என்பது ஒரு காரணம், பன்னிரண்டாம் வகுப்பு இன்னொன்று. யாரோ ஒரு பையனோடு பேசினாள் என்று வீட்டில் தெரிந்தால் முதலில் நிறுத்தப்படுவது சிலம்ப வகுப்புதான். திரையில் காதல் பெண்ணின் கையிலிருந்து கம்பை வாங்கிவிடுகிறது. இங்கே காதல் வந்துவிடுமோ என்ற பயமே வாங்கிவிடுகிறது. நின்றுபோன பிள்ளைகளின் கம்புகளை மாஸ்டர் தன் வீட்டுச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறார். யாருக்கும் மாற்றிக் கொடுப்பதில்லை. திரும்பி வந்தவர்களும் உண்டு, ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாளாம்.

இருட்டத் தொடங்கியதும் அம்மாக்கள் வண்டிகளில் வந்தார்கள். ஒருவர் மாஸ்டரைத் தனியே அழைத்துப் போய், மகளை அடுத்த மாதத்திலிருந்து டியூஷனுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். வாரத்தில் ரெண்டு நாளாவது அனுப்புங்கம்மா, காலையில வேணாலும் நான் சொல்லித் தரேன் என்று இவர் விடாமல் மன்றாடினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று முடிவானது.

அடுத்து என்ன படம் என்று கிளம்பும்போது கேட்டேன். சண்டை போடும் நாயகிக்கு அம்மா வேஷமாம். ரெண்டு சீன், ரெண்டிலும் அழுகை.

"அந்த அம்மாவுக்கும் ஒரு காலத்துல கம்பு தெரியும்னு வைக்கலாமான்னு டைரக்டர்கிட்ட கேட்டேன்க்கா. யோசிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. புதன்கிழமை திரும்பவும் கேக்கப் போறேன்."