நாயும் நாயுடையாரும்

சைவ நன்மக்கள் நாள்தோறும் எடுத்தோதுஞ் சொற்களுள் 'நாயேன்' என்பது ஒன்று. மணிவாசகப் பெருமான் தம் திருவாசகத்துட் பலகாலும் தம்மை அங்ஙனந் தாழ்த்திக் கூறினர். அவர் வழிநின்று நாமும் கூறுகின்றோம். ஆயின், ஓதி முடித்து வெளியே வருங்கால் வாயிலில் மெய்யாகவே ஒரு நாய் படுத்திருக்குமாயின், கல்லெடுத்து அதனைத் துரத்துவாரும் நம்முள் உளர். நாவிலுள்ள சொல்லும் கையிலுள்ள கல்லும் இங்ஙனம் ஒன்றோடொன்று முரணி நிற்றல் முறையாகுமா?

"சிவபூசை நிகழும் இல்லத்தில் நாய் வளர்த்தல் ஆகுமோ?" என்று அன்பர் சிலர் என்னை வினவியதுண்டு. யான் நூல்வல்லார் வரிசையில் வைத்து எண்ணப்படுவேன் அல்லேன். ஆயினும், ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஒரு தெருநாயை இல்லத்தில் வைத்துப் பேணியவன் ஆகலின், அதனால் யான் அறிந்தவற்றைச் சித்தாந்த நெறிக்கு இயையத் தொகுத்துக் கூறத் துணிந்தேன்.

முதற்கண், நம் மறை இதுபற்றி என் கூறுகின்றது என்று பார்ப்போம். கிருட்டிண யசுர் வேதத்தின் நடுவண் விளங்கும் திருவுருத்திரம், திருவைந்தெழுத்தைத் தன் எட்டாம் அநுவாகத்துட் பொதிந்து வைத்திருத்தலின், நம்மனோர்க்கு உயிர்நிலை போன்றது. அதன் நான்காம் அநுவாகத்து முடிவிலே, நாய்களாய் நிற்கும் உருத்திரர்க்கும், நாய்களை உடைய தலைவராய் நிற்கும் உருத்திரர்க்கும் வணக்கஞ் செலுத்தப்படுகின்றது. அத்தலைவரைக் குறிக்க அம்மறை ஆளுஞ் சொல் 'சுவபதி' என்பதாம். ஈண்டுப் 'பதி' என்றது, பசுபதி என்னுந் திருநாமத்தில் நாம் கேட்கும் அதே சொல்லேயாதல் காண்க. வயிரவக் கடவுளுக்கு ஊர்தியாய் நிற்பதும் நாயே. கண்ணப்ப நாயனார் கன்னிவேட்டைக்கு எழுந்த சிறப்பைப் பாடுங்கால், உடன்சென்ற வேட்டை நாய்களையுஞ் சேக்கிழார் பெருமான் மறந்தாரல்லர். தேய்பிறை அட்டமியில் வயிரவர் திருமுன்னர் மாலையுந் தீபமும் ஏந்தி நெருங்கி நிற்கும் நாம், கல்லில் வடித்த நாய்க்குப் பொட்டிட்டு, மதிற்புறத்தே பசித்து நிற்கும் நாயைக் கோலால் ஓட்டுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, 'சுவபதி' என்னும் அச்சொல்லே யான் கூறப்புகுந்த பொருளுக்குத் திறவுகோலாம். ஒரு நாய்க்கு உடையவராகின்றவர், தம்மையறியாமலே பதி என்னும் பெயரிற் சிறிது பங்கு கொள்கின்றார். இஃது ஒருபுடை உவமையே, முற்றுவமை அன்று. ஆயினும், தன்னால் தேடிக்கொள்ள முடியாத ஓருயிர்க்கு வேண்டுவன கூட்டுதலும், தீயது வாராமற் காத்தலும், அதன் நன்மையின்பொருட்டு ஒறுத்தலும் அப்பெயரை ஏற்றார்க்குக் கடனாகின்றன. வேடிக்கைக்காக நாய் வளர்ப்போர் இதனை நினையாமையாலன்றோ, குட்டியாயிருந்தபோது மடியில் வைத்துக் கொஞ்சியதனை, நோயுற்ற காலத்து வண்டியேற்றிக் கொண்டுபோய் ஊர்ப்புறத்தே விட்டுவருகின்றனர்!

எம் இல்லத்துக்கு வந்த நாய் அங்ஙனம் விடப்பட்டதோ, தெருவிலேயே பிறந்ததோ, அறியோம். 2012ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில், தேர்முட்டியின் படியோரத்தே, வண்டி ஏறிப் பின்கால் முறிந்து கிடந்த பெண்குட்டி அது. செந்நிறமாயிருந்தமையின் செவலை என்று பெயரிட்டோம். கால்நடை மருத்துவர் கட்டுப்போட்டுத் தந்தனர். அன்றிரவே வீட்டில் ஒரு வழக்குத் தொடங்கிற்று.

எம்முடன் வாழும் என் தமக்கையார் தீக்கை பெற்று நாள்தோறும் ஆன்மார்த்த பூசை செய்பவர். "தம்பி, ஐயனுக்குத் திருமஞ்சனமாட்டும் நீர் முற்றத்தில் நிறைகுடமாய் இருக்கிறது. இது அதில் வாய் வைத்தால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டனர். நியாயமான கேள்வி. ஆசாரத்தைப் பழித்து அருளைப் புகழ்தல் எளிது. இரண்டையும் ஒருங்கே காத்தலே அரிது. நீர்க்குடம் மூடியிட்டு உள்ளே வைக்கப்பட்டது. பின்கட்டில், வில்வ மரத்தடியிற் செவலைக்குக் கொட்டகை அமைத்தோம். நடுக்கட்டின் நிலைப்படியைத் தாண்டலாகாது என்பதைக் கற்பித்தோம். அடித்துக் கற்பித்தோமில்லை. வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையே ஆளுதல், சொற்படி நின்ற அப்பொழுதே ஒருவாய் உணவு தருதல், ஒருநாள் தடுத்து மறுநாள் விட்டுவிடாமை ஆகிய இம்மூன்றாலும் ஒரு திங்களுக்குள் அது படிந்தது. அதனைத் தொட்டவர் நீராடியே பூசையறை புகுவதென்பதும் முறையாயிற்று. இவ்வளவில் ஆசாரத்துக்கு யாதோர் இழுக்கும் நேர்ந்ததில்லை.

இதனினும் வலிய இடர் உணவால் வந்தது. குட்டி மிக இளைத்திருந்தமையால், எலும்பு கூடும்வரையில் அவித்த முட்டை கொடுக்குமாறு மருத்துவர் கூறினர். முட்டை எம் அடுக்களையுட் புகுந்ததே இல்லை. கொல்லாமையும் புலான்மறுத்தலும் எமக்கு உயிரினுஞ் சிறந்த நோன்புகள். என் செய்வதென்று தெரியாது நின்ற இரண்டு நாளும் குட்டி தயிர்ச்சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. மூன்றாம் நாட் காலை, பூசை முடித்து வந்த தமக்கையார் அதன் வாயைத் திறந்து பார்த்து, "என் நோன்பு என்னோடு; இதன் வயிறு இதனோடு. ஆண்டவன் இதற்குக் கொடுத்த பல்லைப் பார்த்தாயா?" என்றனர். அயல்வீட்டு அன்பர் ஒருவர், எம் நோன்பினர் அல்லர், தம் வீட்டிலேயே அவித்துத் தம் கையாலே ஊட்ட இசைந்தனர். ஒரு திங்களிற் குட்டி எழுந்து நடந்தது.

அவ்வம்மையார் எளிய மொழியிற் கூறியதே சித்தாந்தமாதல் காண்க. உயிர்கள் அனைத்தும் அநாதி. அவற்றுள் நாயுயிர் என்றும் மக்களுயிர் என்றும் வேறுபாடு இல்லை. அவ்வவற்றின் வினைக்கேற்பத் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவோன் இறைவன். அவன் ஓருயிர்க்கு அமைத்த உடம்பின் இயல்பை அறிந்து பேணுதலே அவ்வுயிர்க்கு நாம் செய்யும் உதவியாம். நோன்பு என்பது அறிந்து மேற்கொள்வது. அறியாத உயிரின்மேல் அதனை ஏற்றுதல் நோன்பாகாது.

அதன்பின்னர் மருத்துவரைக் கேட்டு, நன்கு வெந்த சோறும் பருப்பும் தயிரும் பூசணி, கேரட்டு முதலிய காய்களுங் கொடுத்து வந்தோம். பூனைக்கு ஊனுணவு இன்றியமையாதது. நாயோ மக்களோடு நெடுங்காலம் வாழ்ந்து சோற்றையுஞ் செரிக்கும் ஆற்றல் பெற்றது. எனினும் இடையிடையே மருத்துவர் உடல்நிலையை ஆராய்ந்து குறைவு கண்டவிடத்து மருந்து சேர்த்தல் வேண்டும். வெங்காயம், பூண்டு, சாக்கலேட்டு, திராட்சை ஆகியன நாய்க்கு நஞ்சு. உலர்ந்த திராட்சையும் அத்தகையதே. ஆகலின், பஞ்சாமிர்தமும் சர்க்கரைப் பொங்கலும் திருவமுதாயினும், அன்பு மிகுதியால் அவற்றை நாய்க்கு இடுதல் கூடாது.

இனி, அறக்கருணை மறக்கருணை என இறைவனது அருள் இருதிறப்படும் என்பர். நாயுடையார்க்கும் இவ்விரண்டும் வேண்டும். உணவும் நிழலுந் தருதல் முன்னையது. ஊசி, கழுத்துப்பட்டை, சங்கிலி, கசப்பு மருந்து, அறுவை ஆகியன பின்னையவை. இவற்றுள் வெறிநோய்த் தடுப்பூசி தலையாயது. அந்நோயுற்ற விலங்கின் உமிழ்நீராற் பரவும் நச்சுக்கிருமி நரம்பின் வழியே மூளையை அடைகின்றது. நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தல் மிக மிக அரிது. மக்களுக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 வரையில் நாயால் வருவதே என்று உலக நலவாழ்வு நிறுவனத்தார் கூறுவர். லூயி பாசுடர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885ஆம் ஆண்டில் இதற்குரிய ஊசிமருந்தை ஒரு சிறுவனுக்கு இட்டு உயிர்காத்தனர். நம் நாட்டிற் குன்னூரில் 1907ஆம் ஆண்டு அவர் பெயரால் நிலையம் நிறுவப்பட்டது. மருந்து வந்து இத்துணைக் காலமாகியும், ஊசியிடாத நாயைத் தெருவில் உலவவிடுதல் அருளன்று, கொடுமையேயாம். குட்டிக்கு மூன்று திங்கள் ஆனவுடன் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் குறித்த காலத்தில் மறுவூசியும் இடுதல் வேண்டும். கடியுண்டார், சிறு கீறலேயாயினும், உடனே சோப்பும் ஓடும் நீருங்கொண்டு 15 நிமிடங் கழுவி, காலந்தாழாது மருத்துவமனை செல்லல் வேண்டும். மஞ்சள் அப்புதலும் மந்திரித்தலும் அந்நோயைத் தடுக்கமாட்டா.

செவலைக்குக் கருத்தடை அறுவை செய்வித்தபோது, "இறைவன் படைப்பைத் தடுக்க நீ யார்?" என்று ஒரு நண்பர் வெகுண்டனர். பெண்ணாய் ஏறத்தாழ 63 நாளிற் குட்டியீனும். ஓராண்டில் இருமுறையும் ஈனுதல் கூடும். மழைக்காலத்துச் சாக்கடையோரங்களில் அக்குட்டிகள் படும்பாட்டை அந்நண்பரை அழைத்துச் சென்று காட்டினேன். அவர் மேலொன்றும் பேசினாரில்லை. உருக்குமணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் எழுந்த 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வளர்த்த விலங்கைப் பசிக்கும் நீர்வேட்கைக்கும் இரையாகக் கைவிடுதலைக் குற்றமாக்கிற்று. தெருநாய்களைக் கொல்லாது கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் முறையை 2001ஆம் ஆண்டு விதிகளும், பின்னர் 2023ஆம் ஆண்டு விதிகளும் வகுத்தன. நாயால் கடியுண்ட குழந்தையின் தாய் படுந்துயரமும் உயிரின் துயரமே. ஆகலின், தெருநாய்க்குச் சோறிடுவோர் அதனோடு அமையாது, இவ்விரண்டும் அதற்குச் செய்விக்க முயலுதல் அவர்தங் கடமையாம்.

இறுதியாக ஒன்று. நம் தமிழிற் 'பாசம்' என்னுஞ் சொல் அன்பையும் உணர்த்தும், உயிரைப் பிணிக்கும் தளையையும் உணர்த்தும். நாய் வளர்ப்போர் இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு ஆனித் திங்களிற் செவலைக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. பெருநகரத்துக்குக் கொண்டுசென்று இன்னும் பல ஊசிகள் இட்டு எவ்வாறேனும் அதனை நிறுத்திவைத்தல் வேண்டும் என்று என் நெஞ்சம் துடித்தது. மருத்துவர் ஆராய்ந்து, இனிச் செய்வன நோயை நீட்டுமேயன்றித் தீர்க்கமாட்டா என்றனர். என் துடிப்பு அதன்பொருட்டன்று, என்பொருட்டே என்பதை அப்பொழுது உணர்ந்தேன். வலி தணிக்கும் மருந்து மட்டுங் கொடுத்து வில்வத்தடியிலேயே வைத்திருந்தோம். முன்னர் நீர்க்குடத்தின்பொருட்டு வழக்காடிய தமக்கையார், ஐந்து இரவுகள் அதனருகே அமர்ந்து, பஞ்சால் வாயை நனைத்து வந்தனர். ஆறாம் நாள் விடியலில், அவர் நீராடப் போவதற்கு முன்னர், அஃது அடங்கிற்று. அன்று பூசை சிறிது காலந்தாழ்ந்தே தொடங்கிற்று. "அதற்கும் அவனே பதி" என்று கூறிவிட்டு அவர் உள்ளே சென்றனர்.

நாம் உடையவர் என்பதெல்லாம் அவ்வளவே. அவ்வுயிர் இவ்வுடம்பில் நிற்குஞ் சில்லாண்டுகளுக்கு அது நம் கையில் அடைக்கலமாய்த் தரப்பட்டது. ஆகலின் மெய்யன்பர்களே, வளர்க்க எண்ணுவோர் அதன் முதுமையையும் முன்னரே எண்ணித் துணிமின். விலைகொடுத்து வாங்குமுன், தெருவிற் கிடப்பதனை ஒருகால் நோக்குமின். வளர்க்க இயலாதார் கோடையில் வாயிற்புறத்தே ஒரு சட்டி நீர் வைம்மின். அதுவும் இயலாதார் கல்லெடாதிருமின். எவ்வுயிர்க்கும் உயிராய் நிற்கும் அம்மையப்பர் திருவருள் எங்கும் பொலிக.