அரைப் பேர்

லிந்துலையில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை. மாலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும் அக்காமார், "இன்னைக்கு அரைப் பேருதான் நானா" என்றால், கடன் கொப்பியில் இன்னொரு வரி ஏறும். தோட்டத்தில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலையின் பதிவு. சொன்ன அளவு கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அரை நாட் சம்பளம்.

தரம் ஏழில் ஒரு சண்டையின்போது என் தோழியை "தோட்டக்காட்டாள்" என்றேன். கடைத்தெருவில் பலரும் சொல்லும் சொல்தான். அவள் அழவில்லை. ஆனால் அதன்பின் எங்கள் கடைக்கு அவள் வந்ததில்லை.

சென்ற வருடம் அவளது பிறப்புச் சான்றிதழைப் பார்த்தேன். தந்தையின் இனம்: இந்தியத் தமிழர். அவளும் அவள் தந்தையும் இந்தியாவைக் கண்டதே இல்லை. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து தொடர்ந்து வரும் பெயர் அது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. இங்கே எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

'மலையகத் தமிழர்' என்பது அவர்கள் தமக்குத் தாமே தேர்ந்துகொண்ட பெயர். மலையோடு அகம் சேர்ந்தது மலையகம். அகம் என்றால் உள்ளிடம், வீடு. எங்கிருந்து வந்தார்கள் என்பதை அல்ல, எது அவர்களின் வீடு என்பதை அது சொல்கிறது. வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த வழியே நடந்தபோதும் அவர்கள் முன்வைத்தது இந்தப் பெயரைத்தான்.

வீட்டில் இதைப் பேசியபோது வாப்பா ஒன்று சொன்னார். அவருடைய பாட்டனார் காயல்பட்டினத்திலிருந்து வந்தவராம். அந்நாளைய குடிசன மதிப்பீடுகளில் 'இந்தியச் சோனகர்' என்றும் ஒரு பிரிவு இருந்தது. என் சான்றிதழிலோ 'இலங்கைச் சோனகர்' என்றிருக்கிறது. இரு குடும்பமும் கடந்தது ஒரே கடல். எங்கள் பெயரிலிருந்து 'இந்திய' கழன்றுவிட்டது. அவள் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. அதை மனனம் செய்திருந்தும் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க ஐந்து வருடமாயிற்று.

"அன்னைக்கு நீ எனக்கு அரைப் பேருகூடப் போடலடி" என்றாள். பிறகு சிரித்தாள்.

போன வாரம் அவள் எங்கள் கடைக்கு வந்தாள். "யார் மகள் இந்தப் பிள்ளை?" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். நான் அவள் பெயரை முழுதாகச் சொன்னேன்.